குழாய்க்கு என்ன குறைச்சல்?
பாரிஸின் பொம்பிடு மையத்தைப் புதுப்பிப்பதற்காக 2025-இல் மூடிவிட்டார்கள். இனி 2030-இல்தான் திறப்பார்களாம். செய்தியைப் படித்ததும் என் மனம் அங்குள்ள ஓவியங்களுக்குப் போகவில்லை, குழாய்களுக்குப் போனது. நீலம் காற்றுக்கு, பச்சை தண்ணீருக்கு, மஞ்சள் மின்சாரத்துக்கு, சிவப்பு ஆட்கள் ஏறி இறங்க. மற்ற கட்டடங்கள் பொய்க்கூரைக்குள் ஒளித்து வைப்பதையெல்லாம் 1977-இலேயே வெளிச்சுவரில் மாட்டிக்கொண்டு நின்ற கட்டடம் அது. பியானோ, ரோஜர்ஸ் என்று கட்டடக் கலைஞர்களின் பெயரை எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் கட்டடத்துக்கான வடிவமைப்புப் போட்டிக்கு அவர்களை இழுத்துவந்த பொறியாளர் டெட் ஹாப்பல்டை யார் நினைக்கிறார்கள்? அவர் 1976-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போய், கட்டடக் கலை மாணவர்களையும் பொறியியல் மாணவர்களையும் சேர்ந்து படிக்க வைத்தார். எனக்கு அந்தக் கட்டடத்தைவிட இந்தக் காரியம்தான் பெரிதாகப் படுகிறது. ஏனென்றால், ஒரு கட்டடத்தின் முகப்பை அழகாக வரைந்து முடித்த பிறகு ஏ.சி. குழாய்க்கு வழி தேடினால் (குறுக்கே கட்டாயம் ஓர் உத்தரம் நிற்கும்) அந்தக் கட்டடத்துக்கு ஆயுள் முழுக்க மூச்சுத்திணறல்தான். காற்று, வெளிச்சம், தண்ணீர், தீப்பாதுகாப்பு எல்லாம் முதல் கோட்டோடு சேர்ந்தே வர வேண்டியவை. அதனால், இவற்றையெல்லாம் திட்டமிடும் கட்டடச் சேவைப் பொறியியல் படிக்கப் போகிறேன் என்று உங்கள் வீட்டுப் பிள்ளை சொன்னால், “பிளம்பர் வேலைக்கா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.