நான் போகல, என் அடி போயிருக்கு

டிஜிட்டலுக்குச் சாதி கிடையாது என்று சிதம்பரத்தில் ஒரு கூட்டத்தில் நண்பர் ஒருவர் பேசினார். எல்லாம் பூச்சியமும் ஒன்றும்தானாம். பூச்சியத்துக்கு ஏது பூணூல் என்று கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். தட்டியது தப்பு என்று இப்போது சொல்கிறேன்.

நான் மோளம் அடிக்கிறவன். எங்க அப்பா அடித்தார், தாத்தா அடித்தார். சில வருசங்களுக்கு முன் கடலூரில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பாட்டுக்கு அடிக்க இல்லை. "ஒத்த அடி போதும்ணே" என்றான் அங்கிருந்த பையன். அடிக்குச்சியால் ஒரு அடி, அப்புறம் சத்தம் முழுசாகச் சாகிறவரை மூச்சு விடாமல் நிற்கணும். மறுபடி ஒரு அடி, கொஞ்சம் ஓங்கி. பிறகு சிண்டுக்குச்சியால். ஓரத்தில், நடுவில். காலையிலிருந்து பொழுதுசாய இதே வேலை.

ஏசி அறையில் தோல் தொய்ந்துபோனது. காய்ச்சணும், வைக்கோல் வேணும் என்றேன். உள்ளே தீயா என்று பதறினார்கள். சுருதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாமாம். நான் விடவில்லை. பின்பக்கம் போய்ப் பழைய பேப்பரைக் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டு வந்தேன்.

அவர்கள் செய்ததில் மந்திரம் ஒன்றுமில்லை. மைக்கில் விழுந்த அதிர்வு மின்சாரமாகிறது. ஒரு நொடியை 44,100 துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் உயரத்தையும் 65,536 கோடு போட்ட அளவுகோலில் வைத்து எண்ணாக எழுதுகிறார்கள். சி.டி. வந்த 1982லிருந்து இதுதான் கணக்கு. எண்ணாக்கினால் இசையின் ஆன்மா போச்சு என்று அழுகிற சபா ரசிகர்களோடு எனக்கு ஒத்துவராது. நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோமோ அதில் பாதி அதிர்வெண் வரைக்கும் ஒன்றும் தொலையாது என்பது நைக்விஸ்ட், ஷானன் சொன்ன கணிதம். மனுசக் காது 20,000ஐத் தாண்டாது. ஆகவே என் அடி முழுசாகத்தான் உள்ளே போயிருக்கிறது. ஆன்மா பேச்சு பேசியே நம்மை ஏமாற்றியவர்கள் ஏராளம், நமக்கு அது வேண்டாம்.

களவு வேறு இடத்தில் நடந்தது. மத்தியானத்துக்கு மேல் தோலில் காசு அளவு வில்லை ஒன்றை ஒட்டினார்கள். பீசோ என்றார்கள். அது சத்தத்தை வாங்காது. இந்த நேரத்தில் இவ்வளவு பலத்தில் ஒரு அடி விழுந்தது என்பதை மட்டும் மிடி எண்ணாக்கி அனுப்பும். பலத்துக்கு 1 முதல் 127 வரை. அந்தப் பெட்டியில் த்ரெஷோல்ட் என்று ஒரு திருகு, அதாவது வாசப்படி. அதற்குக் கீழே வருவதெல்லாம் அடியில்லை, இரைச்சல் என்று பெட்டி தள்ளிவிடும். என் சிண்டுக்குச்சியின் பாதி அடி வாசப்படி ஏறவில்லை. திருகை இறக்கினால் ஒரே அடியை இரண்டாக எண்ணுகிறது. "ஏத்தியே வைடா" என்றார் பெரியவர். சிண்டு இல்லாமல் பறை ஏது? தகர டப்பாதான் மிச்சம். எது அடி, எது இரைச்சல் என்று தீர்ப்புச் சொன்னது பெட்டியா, திருகைப் பிடித்த விரலா? தீயில் இறங்கிவிட்டு உள்ளே வா என்று நந்தனுக்குச் சொன்ன ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது.

1,500 ரூபாய், பஸ் காசு, ஒரு பிரியாணி. ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். படிக்கத் தெரிந்தவன்தான் நான். அன்றைக்குப் படிக்கவில்லை.

இனி எங்க மாமா கதை. 1990களில் அவர் ஊர்ச் சேரியில் எல்லோரும் கூடி, ஊர்க்காரன் சாவுக்கு இனி மோளம் அடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். கூலி வேலை நின்றது. வரப்பில் கால் வைக்க விடவில்லை. மாமா மோளத்தைக் கிணற்றில் போட்டார். அதற்குப் பிறகு அந்த ஊர்த்தெருப் பிணம் மோளமில்லாமல்தான் போனது. போன தை மாசம் ஊர்த்தெருவில் ஒரு பெரிய சாவு. குட்டி லாரியில் ஒலிபெருக்கி, ஒரு பென்டிரைவ். சாவு மோளம் அதிருது. மாமா திண்ணையில், பக்கத்தில் நான். கொஞ்ச நேரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. என் மோளத்துக் கட்டையில் ஒரு தகடு தளர்ந்திருக்கும். ஓங்கி அடித்தால் கிணுக் என்று ஒரு ஓசை வரும். அதே கிணுக், அடிக்கு அடி அச்சுப் பிசகாமல். மனுசன் அடித்தால் இரண்டு அடி ஒன்றுபோல விழுமா?

சொன்னேன். மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ போகல மாப்ள, உன் அடி போயிருக்கு" என்றார்.

வேலைநிறுத்தத்தை உடைக்கிறவனைக் கருங்காலி என்போம். நான் இல்லாத இடத்தில் என் கை கருங்காலி வேலை பார்த்திருக்கிறது. சேரிக்காரனைத் தொடாமல், கூப்பிடாமல், கூலி கொடுக்காமல் அவன் அடி மட்டும் கிடைக்குமென்றால் ஊருக்கு இதைவிட என்ன சௌகரியம்?

தொல்காப்பியம் ஐந்திணைக்கும் பறையைக் கருப்பொருளாகச் சொல்கிறது என்று மேடைதோறும் முழங்குகிற தமிழறிஞர்களைக் கேட்கிறேன். 1940களில் தமிழிசை இயக்கத்துக்கு அண்ணாமலை நகர் தாய்வீடு. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமே எழுந்தது. அந்தச் சண்டை மேடைப் பாட்டின் மொழிக்காக, நியாயமான சண்டைதான். எங்கள் தோலுக்காக யார் சண்டை போட்டது? 1991இல் உலகக் கம்பெனிகள் ஜெனரல் மிடி என்று 128 கருவிக்கு எண் கொடுத்தன. சிதாருக்கு 105, ஷெனாய்க்கு 112, ஜப்பான்காரனின் தைக்கோ மேளத்துக்கு 117. பறைக்கு எண்ணே இல்லை. எண் இல்லாத அடியை யார் வேண்டுமானாலும் என்ன பேர் வேண்டுமானாலும் போட்டு விற்கலாம்.

பதிவே வேண்டாம், பறையையே விட்டொழி என்கிறார்கள் நம் தோழர்கள் சிலர். மாமா விட்டொழித்தாரே, என்ன ஆச்சு? நாம் விட்ட இடத்தில் பென்டிரைவ் வந்து உட்கார்ந்துகொண்டது. திருகை நம் பிள்ளைகள் கையில் எடுக்கணும் என்கிறேன் நான். ஒரு மைக்கும் பழைய கம்ப்யூட்டரும் இருந்தால் சேரியிலேயே, தீ மூட்டிக் காய்ச்சிய மோளத்தை, சிண்டு விடாமல் பதியலாம்.

சட்டமும் இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தம் நிகழ்த்துகிற கலைஞனுக்கும் உரிமை தந்தது. இப்போது அது 50 வருசம். வணிகத்துக்குப் பயன்படுத்தினால் ராயல்டி உண்டு என்று 2012 திருத்தம் சேர்த்தது. கலைஞன் யார் என்ற பட்டியலில் கழைக்கூத்தாடி இருக்கிறான், பாம்பாட்டிகூட இருக்கிறான். மோளக்காரன் மட்டும் எப்படி இல்லாமல் போவான்? ஒத்த அடி நிகழ்ச்சியாகுமா என்று வக்கீல்கள் வாதாடட்டும், வாதாட நாம் முதலில் போகணும்.

நம் ஆட்கள் யாரைக் கூப்பிட்டாலும் தாளைப் படிக்காமல் குச்சியை எடுக்காதீர்கள். அடித்தவன் பேரும் ஊரும் கோப்பின் பேரோடு இருக்கணும், விற்கிறபோதெல்லாம் பங்கு வரணும். ஊர்ச் சாவுக்கு இந்த ஒலியைக் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரி கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், எழுதச் சொல்லுங்கள்.

கடலூருக்கு மறுபடி போய் என் தாளின் நகலைக் கேட்டேன். தேடித் தருகிறோம் என்றார்கள். இரண்டு தடவை போயாச்சு. மாமா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.