கொடுப்பதும் பறிகொடுப்பதும் ஒன்றல்ல

ராசிபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாரியம்மன் பண்டிகை. நம் ஆட்கள் தப்பட்டை அடிக்கிறார்கள். சுற்றி நிற்பவர்கள் கையில் செல்போன். அடுத்த வாரம் அந்த அடி ஒரு யூடியூப் சேனலில் ஓடுகிறது. ஊர்ப் பெயர், சாமி பெயர், படம் பிடித்தவர் பெயர் எல்லாம் இருக்கின்றன. அடித்தவர் பெயர் மட்டும் இல்லை. இது நமக்குப் புதிதல்ல.

இசையைக் கட்டற்ற உரிமத்தில் எல்லோருக்கும் பொதுவாகத் தர வேண்டும் என்ற குரல் இன்று உலகெங்கும் கேட்கிறது. 2002இல் வெளியான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இதற்கு வழி செய்தன. கலைஞர் தன் உரிமையை வைத்துக்கொண்டே, "எடுத்துப் பாடு, பகிர், என் பெயரைச் சொல்" என்று முன்கூட்டியே அனுமதி தரலாம். வணிகத்துக்குப் பயன்படுத்தாதே என்றும் சேர்க்கலாம். பாட்டு பல ஊர் போகும், அழைப்பு வரும், அடுத்த தலைமுறை கற்கும் என்பதால் பலர் இப்படித் தருகிறார்கள். நல்ல காரணங்கள்தான்.

ஆனால் 'இலவசம்' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. சாவுக்கும் சாமிக்கும் கூலி பேசாமல் அடிக்க வேண்டும் என்று ஊர் நம்மைக் கட்டாயப்படுத்திய காலம் அது. அந்த இழிவு வேண்டாம் என்று பறையையே கீழே வைத்தவர்கள் நம்மில் உண்டு. தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் யார் யார் வழியாகவோ சினிமாவுக்குப் போயின. அவற்றை நாம் கொடுக்கவில்லை; பறிகொடுத்தோம். உடைமை என்று ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகுதானே ஒருவரால் கொடுக்க முடியும்?

பெயர் தெரிந்த கலைஞருக்கே இந்த நிலை என்றால் என்ன சொல்வது? 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' அறிவின் வரிகளால் உலகம் சுற்றியது. ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அவர் இல்லை. பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பிய பிறகே அறிவுக்குத் தனி அட்டை வந்தது.

சட்டம் நமக்கு எதிராக இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பாடகர், வாத்தியக்காரர் மட்டுமல்ல, கழைக்கூத்தாடியையும் பாம்பாட்டியையும்கூட நிகழ்த்துகலைஞர் என்கிறது. 2012 திருத்தம், நிகழ்த்தியவர் இவர்தான் என்று அடையாளம் காட்டக் கோரும் உரிமையையும் தந்தது. இதை நம் மேளக்காரர்களிடமும் கூத்தாடிகளிடமும் யார் போய்ச் சொன்னார்கள்?

தமிழ்நாட்டுக்குச் சொந்த முன்மாதிரியும் உண்டு. 1949இல் அன்றைய சென்னை அரசு பாரதியின் பதிப்புரிமையை வாங்கியது. குடும்பத்துக்குத் தொகை தந்தது. பின்னர் அவர் பாட்டு எல்லோருக்கும் பொதுவானது. நூல்களை நாட்டுடைமையாக்கும்போது அரசு இன்றும் மரபுரிமையருக்குப் பரிவுத்தொகை தருகிறது. முதலில் பெயர், அடுத்து பணம், அதன் பிறகே பொது. இதே வரிசை நாட்டுப்புறக் கலைஞருக்கும் வேண்டும். கலை பண்பாட்டுத் துறை சேலம், நாமக்கல் கூத்துக்காரர்களையும் மேளக்காரர்களையும் ஒப்பாரி பாடும் பெண்களையும் பதிவு செய்யட்டும். ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் எழுதட்டும். உரிய கூலி கொடுக்கட்டும். பிறகு, அவர்கள் சம்மதித்தால், கட்டற்ற உரிமத்தில் வெளியிடட்டும்.

நம் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஒருமுறை கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. எதைக் கொடுக்கிறோம், எதை வைத்துக்கொள்கிறோம் என்று உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். செல்போன் நீட்டுபவரிடம் முதலில் குழுவின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

பகிர்வதற்கு நாம் எதிரிகள் அல்ல. அலங்காநல்லூர் வேலு ஆசான் பறையை ஊர் ஊராகப் பலருக்கும் கற்றுக் கொடுத்தார். 2025இல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. அள்ளிக் கொடுக்க நம்மிடம் நிறைய இருக்கிறது. நம் கையால், நம் பெயரோடு கொடுப்போம்.