ரிட்டர்ன் டிக்கெட் எடுக்காதீர்கள்

சென்ற பொங்கல் விழாவில் சர்க்கரைப் பொங்கலுக்காக வரிசையில் நின்றபோது நம் சங்கத்து நண்பர் ஒருவர் என் மகளிடம், "என்னம்மா, விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். அன்போடுதான் கேட்டார். அவள் சிரித்துவிட்டு, பொங்கல் வாங்காமலே வெளியே போய்விட்டாள். நண்பரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மற்ற வீட்டுப் பெண்களிடம் நானும் இதே கேள்வியைக் கேட்டவன்தான்.

மகளிடமும் மாப்பிள்ளையிடமும் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கல்யாணமாகி ஆறு வருஷம். டாக்டர்கள் ஐ.வி.எஃப். செய்யலாம் என்றார்கள். கல்கத்தாவில் வாழும் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணா, மூட்டா, இதயமா, எதுவானாலும் கோரமண்டலில் ஏறிச் சென்னைக்குப் போய்விடுவோம். "நம்ம ஊர் டாக்டர், நம்ம பாஷை" என்று ஒரு தைரியம். சம்பந்தியும் சென்னையில் இருக்கிறார். அங்கே போகலாம் என்று முடிவு செய்தது நான். மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்ததும், சொல்லப்போனால், நான்தான். விளம்பரத்தில் போட்டிருந்த வெற்றி சதவீதத்தைப் பார்த்து மயங்கினேன்.

முப்பத்தேழு வருஷம் ரயில்வேயில் புள்ளிவிவரம் எழுதியவன் மயங்கியிருக்கக் கூடாது. ரத்தான வண்டி தாமதமான வண்டிப் பட்டியலில் வராது. காகிதத்தில் எல்லாம் அழகாக இருக்கும். இதிலும் அப்படித்தான். சதவீதம் எதற்கு? ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனதற்கா, குழந்தை உயிருடன் பிறந்ததற்கா? சிகிச்சை தொடங்கிய எல்லோரையும் சேர்த்தா, கரு வைக்கும் கட்டம்வரை வந்தவர்களை மட்டுமா? எந்த வயதுப் பெண்களுக்கு? இந்த மூன்று கேள்விகளைக் கேட்டால் பெரிய எண்கள் சின்ன எண்களாகிவிடும்.

முட்டை எடுத்து மூன்று கருக்களை உறைய வைத்தார்கள். அவை திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் இருக்கும். பிறகு ஒரு மாதம் பார்த்துக் கருப்பையில் வைக்க வேண்டும். பெரும்பாலும் மாதவிலக்கின் ஆரம்பத்திலிருந்து சுமார் இரண்டு வாரம் மாத்திரை. கருப்பையின் உட்படலம் வளர்ந்திருக்கிறதா என்று ஸ்கேன்; ஏழு மில்லிமீட்டராவது இருந்தால் நல்லது என்பார்கள். அதன்பின் புரொஜெஸ்டிரோன் தொடங்கி, ஐந்து நாள் வளர்ந்த கருவானால் ஐந்து நாள் கழித்து வைப்பார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. ஆக, ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

இவ்வளவும் தெரியாமல் நான் போக வர டிக்கெட் எடுத்தேன். ரயிலுக்கு 60 நாள் முன்பே ரிசர்வ் செய்யலாம். உடம்புக்கு அப்படி முடியுமா? ஸ்கேனில் உட்படலம் ஆறு மில்லிமீட்டர்தான் இருந்தது. டாக்டர், "அடுத்த மாதம் பார்க்கலாமே" என்றார். மாப்பிள்ளைக்கு லீவு முடிகிறது, டிக்கெட் இருக்கிறது என்று நான்தான் அவசரப்படுத்தினேன். மகள் ஒன்றும் பேசவில்லை. கரு ஒட்டவில்லை.

அவசரத்தால்தான் ஒட்டவில்லை என்று சொல்ல மாட்டேன். எல்லாம் சரியாக இருந்தும் ஒட்டாமல் போவது உண்டு. ஆனால் தண்டவாள வேலைக்கு லைன் பிளாக் கிடைத்தும், ஆளோ ஜல்லியோ தயாராக இல்லையென்றால் பிளாக்கைத் திருப்பிக் கொடுத்தவன் நான். என் மகள் விஷயத்தில் அந்தப் புத்தி வரவில்லை. உறைந்த கருவுக்கு வயதாவதில்லை. முட்டை எடுத்தபோது என்ன வயதோ, அதே வயதுதான் அதற்கு. ஒரு மாதம் பொறுத்திருந்தால் எதுவும் கெட்டிருக்காது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த உறைகரு வித்தைக்காக நாங்கள் 1,660 கிலோமீட்டர் போனோம். அந்த வித்தை பிறந்ததோ இதே கல்கத்தாவில். டாக்டர் சுபாஷ் முகர்ஜி என்ற வங்காளி, உறைய வைத்த கருவிலிருந்து துர்கா என்ற குழந்தை பிறக்கச் செய்தார். அது 1978 அக்டோபர் 3. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து 70 நாள்தான் ஆகியிருந்தது. அரசாங்கம் அமைத்த கமிட்டி அவரை நம்பவில்லை. மனமுடைந்து 1981-ல் தற்கொலை செய்துகொண்டார். 1997-ல்தான் டாக்டர் டி.சி. ஆனந்தகுமார் அவருடைய குறிப்புகளைப் படித்துப் பார்த்து, இந்தியாவில் முதல்வர் இவரே என்று எழுதினார். நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தது 1982-ல். இத்தனை வருஷம் இங்கே சோறு தின்றும், வெற்றிலை பாக்கு வாங்கும் கடைக்கு அப்பால் இந்த ஊரை நாம் நம்புவதில்லை.

ஆகவே என் தாழ்மையான கருத்து இதுதான்: வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய நல்ல இடத்தை முதலில் பாருங்கள். நாலைந்து முறை போய்வர வேண்டிய சிகிச்சை இது. 2021-ஆம் வருஷச் சட்டப்படி இந்த மருத்துவமனைகள் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். கருவைப் பத்து வருஷம் வரை வைத்திருக்கலாம் என்கிறது சட்டம். வருஷா வருஷம் அதற்கு என்ன கட்டணம், வேறு இடத்துக்கு மாற்ற என்ன நடைமுறை என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். நைட்ரஜன் மட்டத்தை யார் பார்க்கிறார், எத்தனை நாளுக்கு ஒருமுறை, பதிவேடு உண்டா என்றும் கேளுங்கள். எஞ்சினீயர் கேள்விதான், ஆனாலும் கேளுங்கள். "இரண்டு கரு வையுங்கள், இரட்டையாகப் பிறக்கட்டும்" என்று மட்டும் கேட்காதீர்கள். இரட்டைக் கர்ப்பத்தில் குறைமாதப் பிரசவ ஆபத்து அதிகம்.

பெரியவர்களுக்குத் தனியாக ஒன்று. குறை ஆணிடமும் இருக்கலாம், பெண்ணிடமும் இருக்கலாம். பல வீடுகளில் இரண்டு பேரிடமும் இருக்கிறது. மருமகளை மட்டும் கோயில் கோயிலாக அனுப்பாதீர்கள். கரு வைத்த பிறகு அவளைக் கட்டிலோடு கட்டிப்போடவும் வேண்டாம். படுத்தே கிடப்பதால் பலன் கூடுவதில்லை என்று டாக்டர்களே சொல்கிறார்கள். பணம் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். தேதியை அவர்கள் குறிக்கட்டும்.

மிச்சமிருக்கும் இரண்டு கருக்கள் இன்னும் சென்னையில் இருக்கின்றன. அடுத்த மாதம் மகள் அலுவலகத்தில் நீண்ட லீவு போட்டுவிட்டுப் போகிறாள். என் மனைவி துணைக்குப் போகிறாள். இந்த முறை போவதற்கு மட்டும்தான் டிக்கெட். உட்படலம் வளராவிட்டால் இன்னொரு மாதம் இருந்து பார்ப்பார்கள். நான் கல்கத்தாவிலேயே இருக்கிறேன். அவளாகச் சொல்லும்வரை போன் போட்டு, "என்ன ஆச்சு?" என்று கேட்பதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அடுத்த விழாவில் அவளைப் பார்க்கும் நண்பர்களும் அப்படியே இருந்துவிட்டால் நன்றியுடையவனாவேன். சாப்பிட்டாயா அம்மா என்று கேளுங்கள், அது போதும்.