இறைப்பு மிசினில் கைவைக்க முன்



திருநெல்வேலிச் செம்மண் தோட்டங்களில் நீரிறைக்கும் மிசின் முன்பெல்லாம் பெரும்பாலும் ஆண்களின் கையிலேயே இருந்தது. இன்று நான் சந்திக்கும் குடும்பத் தலைவிகள் பலர் தாமே அதை இயக்குகிறார்கள். பிளக் துடைக்கவும் ஒயில் மாற்றவும் கூலிக்கு ஆள் தேடுவதிலும் பார்க்க, நாமே பழகிக்கொள்வது நல்லது. ஆனால் உழைப்பவர் ஒருவரே உள்ள வீட்டில், அவர் கையில் காயம் பட்டால் அடுப்பு எரியாது. ஆகவே அவதானம் மிக அவசியம்.

முதலில் எஞ்சினை நிற்பாட்டி நன்றாக ஆறவிடுங்கள். அடுத்து பிளக் வயரைக் கழற்றுங்கள். வயர் பூட்டியிருந்தால், சில்லைக் கையால் சுற்றும்போதே எஞ்சின் ஸ்ராட் ஆகிவிடலாம். சேலைத் தலைப்பைச் செருகி, கூந்தலை முடிந்து, காப்பையும் சங்கிலியையும் கழற்றி வைத்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

எஞ்சின் ஓடும்போதோ சூடாக இருக்கும்போதோ எண்ணெய் ஊற்றக்கூடாது. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபின், குடாநாட்டில் மோட்டார் சைக்கிள்கூட மண்ணெண்ணெயில் ஓடியது. குழாயை வாயில் வைத்து எண்ணெய் உறிஞ்சுவதை அன்று யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. புனல் வைத்து ஊற்றுங்கள். சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் வைக்காதீர்கள். பிள்ளை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கப் பண்ணாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கிணற்று விடயம் எல்லாவற்றிலும் முக்கியமானது. மேலே வைத்த பம்ப் சுமார் 25 அடி ஆழத்திலிருந்தே தண்ணீரை உறிஞ்சும். அதனால் ஆழக் கிணறுகளில் சிலர் மிசினையே உள்ளே இறக்குகிறார்கள். புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது கிணற்றுக்குள் தேங்கிவிட்டால், இறங்குபவர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குபவருக்கும் அதே கதிதான். எண்ணெய் மிசினைக் கிணற்றுக்குள்ளோ பூட்டிய கொட்டிலுக்குள்ளோ இயக்கவே வேண்டாம்.

கழித்த ஒயிலை நிலத்தில் ஊற்றாமல் கானில் சேர்த்து, திருத்தும் கடையில் கொடுங்கள். எமது நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கீழே நிலத்தடி நீருக்குப் போய்விடும். கிணற்றில் ஒயில் கலந்தால் என்ன கதி என்பதைச் சுன்னாகத்துச் சனங்கள் அனுபவித்தே அறிந்தார்கள்.

ஒருவர் மிசினில் வேலை செய்யும்போது இன்னொருவர் பக்கத்தில் நிற்கட்டும். அயலில் நாலு பெண்களாகச் சேர்ந்து, அனுபவமுள்ள ஒருவரிடம் ஒரு நாள் கேட்டுப் பழகுங்கள். பிறகு ஒருவருக்கொருவர் நீங்களே துணை.