கொம்பை எண்ணி ரவுட்டர் வாங்காதீர்கள்

கடைக்குப் போய் "வீட்டுக்கு ஒரு வைஃபை ரவுட்டர் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் கொம்பைத்தான் காட்டுவார்கள். "இது நாலு அன்ரனா, இது ஆறு. ஆறு எண்டால் வீடு முழுக்க இழுக்கும் தம்பி." நாங்களும் அப்படி எண்ணி வாங்கினவர்கள்தான். கொஞ்சக் காலத்தில் அந்தப் பெட்டிக்கு மென்பொருள் புதுப்பிப்பு வருவது நின்றுவிட்டது. பெட்டி பழுதாகவில்லை. செய்த கம்பனி அதைக் கைகழுவிவிட்டது.

ரவுட்டர் என்பது ஒரு குட்டிக் கணினி. அதற்குள் இருந்து அதை ஓட்டுகிற மென்பொருளைத்தான் ஃபேர்ம்வெயார் என்கிறோம். வங்கிக் கணக்கு, அம்மாவின் வைபர் அழைப்பு, தங்கச்சியின் ஒன்லைன் வகுப்பு எல்லாம் அதற்குள்ளால்தான் போய்வருகின்றன. அதில் ஓட்டை இருந்தால் வீட்டுக் கதவே திறந்து கிடக்கிற மாதிரி. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து ஒரு படையே கட்டியது. 2018இல் விபிஎன்ஃபில்டர் குறைந்தது 54 நாடுகளில் 5 இலட்சம் கருவிகளுக்குள் புகுந்ததாக மதிப்பிட்டார்கள்.

ஆகவே எங்கட வாதம் இதுதான்: மூலநிரல் திறந்திருக்கிற ஃபேர்ம்வெயார் போட ஏலாத ரவுட்டர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் மலிவில்லை. கம்பனி கைவிட்ட நாளில் இன்னொன்று வாங்க வேண்டும்.

ஓப்பன்டபிள்யூஆர்ரி அப்படியான திறந்த ஃபேர்ம்வெயார். அது ஒரு கம்பனி மனமிரங்கிக் கொடுத்ததில் பிறக்கவில்லை. 2002 கடைசியில் லிங்சிஸ் டபிள்யூஆர்ரி54ஜி என்ற நீலப்பெட்டியை விற்கத் தொடங்கியது. உள்ளே லினக்ஸ் ஓடுவதை 2003இல் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் ஜிபிஎல் உரிமத்தின்படி, அதை வைத்து விற்பவர் மூலநிரலையும் கொடுக்க வேண்டும். கேட்டுக் கேட்டு நெருக்கித்தான் வாங்கினார்கள். அந்த நிரலில் இருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்ரி தொடங்கியது. இன்று பல கம்பனிகளின் நூற்றுக்கணக்கான மாதிரிகளில் அது ஓடுகிறது. கம்பனி விட்ட பெட்டிக்கும் வருடக்கணக்கில் புதுப்பிப்பு வருகிறது.

இன்னொரு நன்மை: அண்ணா வீடியோ ஏற்றத் தொடங்கினதும் தங்கச்சியின் சூம் வகுப்பு விக்குகிறதா? கனபேர் உடனே பெரிய பக்கேஜுக்கு மாறுவார்கள். ஓப்பன்டபிள்யூஆர்ரியில் எஸ்கியூஎம் என்ற வசதியைப் போட்டால், அது வரிசையை ஒழுங்குபடுத்தி இருவருக்கும் வழிவிடும்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? கடைக்குப் போக முதல் ஓப்பன்டபிள்யூஆர்ரியின் கருவிப் பட்டியலில் மாதிரியைத் தேடுங்கள். ஃபிளாஷ் 16 எம்பி, ரம் 128 எம்பி இருந்தால் நிம்மதி. 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரம் என்றால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். மீடியாரெக், குவால்கொம் சிப் நல்லது. புரோட்கொம் என்றால் வைஃபை பெரும்பாலும் தொல்லை. மிக முக்கியம், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கிற பதிப்பு எண். அதே டபிள்யூஆர்ரி54ஜி 5ஆம் பதிப்பில் லினக்ஸைத் தூக்கி எறிந்து, நினைவகத்தையும் பாதியாக வெட்டியது. வெளியில் பேர் மாறவில்லை! புதுசுதான் வேண்டும் என்றும் இல்லை. ரிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 (பதிப்பு 5) போன்ற பழைய பெட்டி, செக்கன்ட்-ஹாண்டில் கிடைத்தாலும் இந்த அளவுக்குச் சரியாக வரும்.

"உதெல்லாம் கொம்பியூட்டர் படிச்ச ஆக்களுக்கு" என்பீர்கள். பல மாதிரிகளில் வேலை இவ்வளவுதான்: சரியான கோப்பை இறக்கி, கம்பனியின் அமைப்புப் பக்கத்திலேயே ஏற்றுவது. பிறகு வைஃபை அணைந்திருக்கும். பயப்படாமல் கேபிள் போட்டு உள்ளே போய்க் கடவுச்சொல் வையுங்கள், வைஃபையைத் திறவுங்கள். போனுக்கு ரொம் மாற்றுகிற பிள்ளைகளுக்கு இது பெரிய வித்தையில்லை.

ஆபத்தையும் மறைக்க மாட்டோம். பிழையான கோப்பைப் போட்டால் பெட்டி செங்கல்லாகிவிடும். மீட்கிற வழியை முதலே வாசித்து வையுங்கள். வொறன்ரியும் போகலாம். ஃபைபர் இணைப்போடு நிறுவனம் தந்த பெட்டியில் கைவைக்க வேண்டாம். அதிலிருந்து ஒரு கேபிள் இழுத்து உங்கட ரவுட்டரைப் பின்னால் பூட்டினால் போதும். சிம் போடுகிற ரவுட்டர்கள் பலவற்றுக்கு இன்னும் வழியில்லை.

அடுத்த முறை கடைக்காரர் கொம்பைக் காட்டும்போது பெட்டியைப் பிரட்டி அடியைப் பாருங்கள். "அண்ணை, இது எந்தப் பதிப்பு?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவரும் தேடிப் பார்ப்பார். வீட்டில் தூசி பிடித்துக் கிடக்கிற பழைய ரவுட்டரை எறிய முதல், அதன் மாதிரிப் பேரையும் பதிப்பு எண்ணையும் கீழே எழுதிவிடுங்கள். உயிர் கொடுக்க ஏலுமா என்று சேர்ந்து பார்ப்போம்.