முகம் மறைத்த இசைவாணர்

பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து வீடியோ விளையாட்டில் ஈடுபட்டிருக்கும்போது அங்கிருந்து எழும் ஓசையை இசையென்று மதிக்கும் பெற்றோர் மிகச் சிலரே. "அந்தச் சத்தத்தைக் குறை" என்ற கட்டளை அடுத்த அறையிலிருந்து பிறப்பதே வழக்கம். ஆயினும் அச்சத்தத்தை ஆக்கியோர் யாவர், எங்ஙனம் ஆக்கினர் என்று சற்றே விசாரிப்போமானால் ஒரு வியப்பான செய்தி புலப்படும். கடந்த நாற்பது ஆண்டுகளில் உலகெங்கும் சிறுவர் முணுமுணுத்த மெட்டுகளுட் பல, ஜப்பான் நாட்டிலே மாதச் சம்பளத்துக்கு உழைத்த இளைஞராலும் யுவதியராலும் இயற்றப்பட்டவை. அவர்களுட் பலருடைய பெயர் நெடுங்காலம் வெளியே தெரியவில்லை. இவ்வாரம் அவர்களைப் பற்றிக் கூற விழைகின்றேன்.

முதற்கண் அவர்கள் கையிற் கிடைத்த வாத்தியம் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். 1983 ஜூலையில் கியோத்தோ நகரத்து நின்டெண்டோ நிறுவனம் 'ஃபமிகொம்' என்னும் வீட்டு விளையாட்டுப் பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதனுள் அமைந்த சில்லு ஒரே வேளையில் எழுப்பவல்ல ஒலிகள் விரல்விட்டு எண்ணத் தக்கவை. 'சதுர அலை' எனப்படும் கூரிய நாதம் இரண்டு; 'முக்கோண அலை' எனப்படும் மெல்லிய நாதம் ஒன்று; தாளத்துக்குத் துணைசெய்யும் வெறும் இரைச்சல் ஒன்று. பதிவுசெய்த ஒலித்துணுக்கை எழுப்புதற்கு ஐந்தாவது வழியொன்றும் இருந்ததுண்டு. ஆனால் அது இடத்தை மிகுதியாக விழுங்குவதாகையால் சிக்கனமாகவே கையாளப்பட்டது. வயலினின் கனிவோ மனிதக் குரலின் நெகிழ்வோ அப்பொறிக்குக் கைவராதவை.

இந்த நான்கு குரல்களிலும் ஒன்று அடிக்கடி பறிபோய்விடும். திரையிலே வீரன் துள்ளினாலும் நாணயமொன்றை எடுத்தாலும் அதற்குரிய ஓசை அதே சில்லிலிருந்துதான் பிறத்தல் வேண்டும். அக்கணத்திலே பாட்டிலுள்ள ஒரு குரல் வாய்மூடி நிற்கும். ஒரு குரல் விழுந்தாலும் பாட்டு விழாதவாறு மெட்டை அமைப்பது இசையமைப்பாளர் தலையில் விழுந்த பொறுப்பு. இடநெருக்கடியோ சொல்லுந் தரமன்று. 1985 இல் வெளியான 'சுப்பர் மரியோ பிரதர்ஸ்' என்னும் விளையாட்டு, படங்களும் கட்டளைகளும் இசையும் யாவும் சேர்த்து, 40 கிலோபைற் அளவுக்குள் அடங்கியது. இன்று கைத்தொலைபேசியால் எடுக்கப்படும் ஒரு நிழற்படம் அதனினும் பன்மடங்கு பெரிது. ஸ்வரங்களை எண்களாக மாற்றி, ஒருமுறை எழுதிய பகுதியையே மீளமீள அழைத்து, வறுமைப்பட்ட குடும்பத்துத் தலைவி அரிசியை அளப்பதுபோல அளந்து அளந்து இசையைப் புகுத்தினார்கள்.

இன்னுமொரு தொல்லை உண்டு. திரைப்படத்துக்கு இசையமைப்பவருக்குக் காட்சி எத்துணை நேரம் நீளும் என்பது தெரியும். விளையாட்டிலோ ஒரு சிறுவன் ஒரு கட்டத்தை ஒரு நொடிப்பொழுதிற் கடந்துவிடுவான். மற்றொருவன் மாலை முழுவதும் அங்கேயே நின்று தவிப்பான். சிறிதளவு பாட்டே சுழன்று சுழன்று வரும். நூறாவது முறையும் அது செவிக்குப் புளித்தல் கூடாது. வர்ணம் கிடைக்காத ஓவியன் கோட்டையே நம்புவதுபோல, இவர்கள் மெட்டையே நம்பினார்கள். அதனாலேயே அம்மெட்டுகள் நின்றன என்பது என் துணிபு.

சுப்பர் மரியோவுக்கு இசையமைத்த கோஜி கொண்டோ 1961 இல் நகோயா நகரிற் பிறந்தவர். ஒசாகா கலைப் பல்கலைக்கழகத்திற் பயின்று 1984 இல் நின்டெண்டோவிற் சேர்ந்தார். விளையாடுபவனின் அசைவோடு இசையின் நடை இசைந்து செல்லவேண்டும் என்பது அவர் கைக்கொண்ட நெறி. நிலத்தில் ஓடும்போது துள்ளும் தாளம். நீரினுள் மூன்றெண்ணிக்கையில் மிதக்கும் வால்ட்ஸ் நடை. நிலத்தின் கீழே ஒருசில ஸ்வரங்களும் இடையிடையே மௌனமும். எஞ்சிய நேரத்தைக் காட்டும் எண் நூறுக்குக் கீழே இறங்கியதும் அதே மெட்டு விரைவு கொண்டு பாய, விளையாடும் பிள்ளையின் நெஞ்சும் உடன் படபடக்கும். இவ்வளவையும் செய்தவரின் பெயர் அந்த விளையாட்டில் எவ்விடத்திலும் இல்லை. ஆக்கியோர் பட்டியல் என்ற ஒன்றே அதிற் கிடையாது.

மறு ஆண்டு, 1986 இல், 'செல்டா' என்னும் விளையாட்டின் முகப்புக்கு அவர் முதலில் எண்ணியிருந்தது பிரெஞ்சு இசைமேதை ராவெல் இயற்றிய 'பொலேரோ' என்ற உருப்படியை. ராவெல் 1937 இன் இறுதியிற் காலமானவர். அவருடைய ஆக்கத்தின் உரிமைக்காலம் இன்னும் முடிவடையவில்லை என்பது வேலை முடியுந் தறுவாயில் தெரியவந்தது. வேறு வழியின்றி ஓர் இரவுக்குள் கொண்டோ தாமே புதிய முகப்பிசை ஒன்றை எழுதி முடித்தார். இன்று பெரிய வாத்தியக் குழுக்கள் மேடையில் இசைக்கும் செல்டாவின் முகப்பிசை அந்த ஓரிரவின் விளைவு. அவ்விளையாட்டின் முடிவிற் பெயர்ப் பட்டியல் இருந்தது. ஆனால் அதிற் காணப்படுவது 'கொன்சான்' என்ற செல்லப்பெயரே.

இவ்வாறு பெயரை மறைத்தமைக்குக் காரணம் அடக்கமன்று, வணிகம். திறமையாளரின் மெய்ப்பெயர் தெரிந்தாற் போட்டி நிறுவனத்தார் அவர்களைக் கூடுதற் சம்பளங் காட்டி இழுத்துக்கொள்வர் என்று முதலாளிகள் அஞ்சினர். ஆகவே புனைபெயர்கள் பெருகின. 'மெகா மான்' என்ற விளையாட்டுக்கு 1987 இல் இசையமைத்த மனமி மட்சுமாயே என்ற யுவதி 'சன்சக்கொரின் மனமி' என்ற வேடிக்கைப் பெயரில் ஒளிந்துகொண்டார். கொனாமி நிறுவனத்தார் தம் இசையமைப்பாளரை ஒரு குழுவாக்கி 'குக்கேய்ஹா கிளப்' என்று அழைத்தனர். குக்கேய்ஹா என்றால் சதுர அலை. தம்மை வருத்திய கருவியின் பெயரையே தமக்குச் சூடிக்கொண்டார்கள் என்றால், அவர்களுக்கு நகைச்சுவைக்குக் குறைவில்லை!

இதே கொனாமியில் 1986 இல், கல்லூரி முடித்த கையோடு வந்து சேர்ந்தவர் கினுயோ யமாஷித்தா. டிராகுலாப் பிரபுவின் கோட்டைக்குட் சவுக்கேந்திப் புகும் வீரனின் கதையான 'காசில்வேனியா' விளையாட்டுக்கு, சதோயே தெரஷிமா என்பவருடன் சேர்ந்து அவர் இசையமைத்தார். பேய்க்கதை என்றால் ஓலமும் முனகலுமே இசை என்று கருதுவோர் அதனைக் கேட்டல் வேண்டும். அச்சத்தை விடத் துணிவே அதில் மேலோங்கி நிற்கிறது. அவ்விளையாட்டின் இறுதித்திரையில் வரும் பெயர்களெல்லாம் பழைய பேய்ப்படக் கலைஞரின் பெயர்களைத் திரித்த கேலிப் பெயர்கள். பிரித்தானிய டிராகுலாப் படங்களுக்கு இசையமைத்த ஜேம்ஸ் பேர்னாட் அங்கே 'ஜேம்ஸ் பனானா' ஆகிவிட்டார். இருபது வயது கடந்த ஜப்பானியப் பெண்ணின் உழைப்பு, ஜேம்ஸ் வாழைப்பழம் என்ற இல்லாத மனிதரின் கணக்கிற் பதியப்பட்டது.

வெளியிலிருந்து புகழோடு வந்தவரின் நிலை வேறு. கோயிச்சி சுகியாமா 1931 இற் பிறந்தவர். தொலைக்காட்சியிற் பணிபுரிந்து, 1960களில் மெல்லிசைக் குழுக்களுக்குப் புகழ்பெற்ற பாடல்களைத் தந்தவர். சதுரங்கத்தை ஒத்த ஷோகி விளையாட்டொன்றை வாங்கி ஆடியபின், அதனுடன் வந்த வினாத்தாளை நிரப்பி எனிக்ஸ் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார். இவ்வளவு பெரிய மனிதரா எழுதியிருக்கிறார் என்று திகைத்த நிறுவனத்தார் அவரையே நாடினர். இதன் விளைவு 1986 இன் 'டிராகன் குவெஸ்ட்'. அதன் தொடக்க இசையை ஐந்து நிமிடத்தில் எழுதியதாகவும், ஆனால் அதற்குமுன் ஐம்பத்துச் சொச்ச ஆண்டு வாழவேண்டியிருந்ததாகவும் அவர் சொல்வதுண்டு. அரண்மனைக் காட்சிக்கு அவர் எழுதிய இசையில் இரண்டே குரல்கள் ஒன்றையொன்று துரத்திச் செல்லும் ஐரோப்பியப் பழைய முறையைக் காணலாம். குரல் குறைவென்று அவர் குறைப்படவில்லை. 1987 ஆகஸ்டில் டோக்கியோவின் சன்டோரி மண்டபத்தில் அவ்விசையை வாத்தியக் குழுவைக்கொண்டு அரங்கேற்றினார். விளையாட்டிசை சங்கீத மண்டபத்துட் கால்வைத்த முதற் சந்தர்ப்பங்களுள் அது ஒன்று.

சுகியாமாவைப் பாராட்டும்போது மற்றொன்றையும் மறைத்தல் நேர்மையன்று. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியப் படை இழைத்த கொடுமைகளை மறுக்கும் பத்திரிகை விளம்பரங்களிற் கையொப்பமிட்டவர் அவர். 2021 இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்கவிழாவிலே, விளையாட்டு வீரர் அணிவகுத்து நுழையும்போது முதன்முதலில் முழங்கியது அவருடைய டிராகன் குவெஸ்ட் இசை. கேட்டுக் கண்ணீர் மல்கியோரும் உளர். கசந்து முகஞ்சுளித்தோரும் உளர். இரு சாராரும் காரணமின்றி அவ்வாறு செய்தனர் என்று சொல்ல என்னால் இயலாது. அவ்வாண்டு செப்டெம்பரிலேயே அவர் மறைந்தார்.

நொபுவோ உவேமாட்சுவின் கதை இதற்கு மறுதலையானது. இசைக்கல்லூரி வாசலை மிதியாதவர். பியானோவைத் தாமாகவே பயின்றவர். இசைத்தட்டுக்களை வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்த்தவர். 1987 இல் தொடங்கிய 'ஃபைனல் ஃபன்டசி' தொடரே அவரை உலகறியச் செய்தது. 1994 இல் வந்த ஆறாம் பாகத்தில் அவர் ஒரு துணிகரம் புரிந்தார். கதையினிடையே இசைநாடகம் ஒன்றையே நடத்திக் காட்டினார். அப்போதிருந்த பொறியில் எட்டுக் குரல்கள் உண்டு. ஆனாற் பாடகியைப் பாடவைக்க இடமில்லை. எனவே மனிதக் குரலின் சாயலை ஒத்த ஒரு நாதம் மெட்டை இசைக்க, பாட்டின் சொற்கள் திரையில் எழுத்தாகத் தோன்றும். விளையாடுபவன் அச்சொற்களை நினைவில் வைத்திருந்து உரிய இடத்திற் சரியான அடியைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். தவறினால் நாடகம் குலையும். பின்னாளில் மெய்யான பாடகர் மேடையில் அதனைப் பாடினர். சிறப்பாகவே பாடினர், எனினும் அந்தப் பொய்க்குரலில் இருந்த ஏக்கம் ஏனோ மெய்க்குரலில் எனக்குக் கிட்டவில்லை.

1990களின் நடுப்பகுதியில் இசைத்தட்டைப் போன்ற வட்டுகளில் விளையாட்டுகள் வரத்தொடங்கியதும் இந்தக் கட்டுகள் அறுந்தன. எத்தனை வாத்தியமும் வைக்கலாம், எவ்வளவு நேரமும் ஒலிக்கலாம் என்றாயிற்று. அரிய ஆக்கங்கள் அதன்பின்னும் வந்தன. ஆயினும் விளையாட்டை நிறுத்தியபின் சீட்டியடிக்க ஒரு மெட்டும் மிஞ்சாத இசையும் ஏராளமாக வந்தது.

பெற்றோரும் மாணவரும் சிறப்பாகக் கவனிக்கத்தக்கவர் யோக்கோ ஷிமோமுரா. 1967 இற் பிறந்த இவர் ஒசாகா இசைக்கல்லூரியில் முறையாகப் பியானோ பயின்றவர். பியானோ ஆசிரியை ஆவார் என்றே அனைவரும் எதிர்பார்த்திருக்க, 1988 இற் கப்கொம் என்ற விளையாட்டு நிறுவனத்திற் சேரப்போவதாக அறிவித்தார். ஆசிரியரும் உறவினரும் மிக வருந்தினர். இத்தனை ஆண்டுப் பயிற்சியும் இதற்குத்தானா என்ற கேள்வி எல்லா நாட்டுப் பெற்றோருக்கும் பொதுவானது போலும்! 1991 இல் வெளியான 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்னும் சண்டை விளையாட்டின் இசையிற் பெரும்பகுதி அவருடையது. வெவ்வேறு நாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு தனி மெட்டு. வீரன் தோல்வியை நெருங்கினால் அம்மெட்டே விரைவுபட்டுப் பதறும். அதிலும் அவர் பெயர் சுருக்கப்பட்ட புனைபெயராகவே வந்தது. 2002 இல் 'கிங்டம் ஹார்ட்ஸ்' வந்தபோது நிலைமை மாறிவிட்டது. அவர் பெயருக்காகவே விளையாட்டை வாங்குவோர் இருந்தனர். 2025 இல் பிரித்தானியத் திரைப்பட தொலைக்காட்சிக் கலைக்கழகமாகிய பாஃப்டா தன் மிகவுயர்ந்த கௌரவமான 'ஃபெலோஷிப்' பட்டத்தை அவருக்கு வழங்கியது.

ஏனைய மரியாதைகளும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தன. 2003 இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக் கெவந்தவுஸ் மண்டபத்தில், ஜப்பானுக்கு வெளியே விளையாட்டிசைக்கென்றே ஒரு சிம்பனிக் கச்சேரி நடைபெற்றது. உவேமாட்சுவின் இசையும் அங்கு ஒலித்தது. பிரித்தானியாவின் 'கிளாசிக் எஃப்எம்' வானொலி நேயர்கள் 2013 இல் வாக்களித்து, அவருடைய ஃபைனல் ஃபன்டசி இசையை மூன்றாம் இடத்துக்கு உயர்த்தினர். பழைமைபேணும் ரசிகருட் சிலர் இதனைக் கேட்டுக் கொதித்தெழுந்தனர். 2023 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், காலங்கடந்து பேணத்தக்க ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் கொண்டோவின் மரியோ மெட்டைச் சேர்த்தது. அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் விளையாட்டிசை அதுவே.

இவற்றைக் கேட்க விரும்பும் மாணவர், வாத்தியக் குழு இசைத்த பதிவை முதலில் நாடாது, பொறியிலிருந்து எழுந்த பழைய வடிவத்தையே முதலிற் கேட்பாராக. மேற்குரல் எது, அதற்கு விடைபகரும் இரண்டாங்குரல் எது, அடியில் நடக்கும் முக்கோண அலை எது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டுப் பழகலாம். காசில்வேனியாவின் முதற் கட்டத்து இசை இப்பயிற்சிக்கு மிக ஏற்றது.

கினுயோ யமாஷித்தாவின் பெயரை இன்று ரசிகர் பலர் அறிவர். அந்த விளையாட்டைக் கொனாமி 2019 இல் ஒரு தொகுப்பிற் சேர்த்து மீண்டும் வெளியிட்டது. டிராகுலாவை வென்று முடித்தபின் இறுதித்திரையில் இசைக்கு உரியவராகத் தோன்றுபவர் இன்றும் ஜேம்ஸ் பனானாவே.