மரபைப் படிக்கக் கடல் கடக்கக் கூடாதா?

ஒடுக்கப்பட்ட சமூகங்களின் மாணவர்கள் வெளிநாடுகளில் முதுநிலைப் படிப்பும் முனைவர் பட்ட ஆய்வும் மேற்கொள்ள மத்திய சமூக நீதி அமைச்சகம் நிதி தருகிறது. தேசிய வெளிநாட்டு உதவித்தொகை என்பது அத்திட்டத்தின் பெயர். 2022 பிப்ரவரியில் வெளியான அதன் விதிமுறைகளில் ஒரு தடை புதிதாக நுழைந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவை தொடர்பான தலைப்புகளுக்கு இனி இந்த உதவி கிடையாது என்றது அந்த விதி. அறிவிப்பு வந்தபோது சமூகவியல், வரலாற்று மாணவர்களின் தரப்பிலிருந்து எதிர்ப்பு கிளம்பியது. தொல்பொருள் பாதுகாப்பு, பழங்கலைப் பொருள் ஆய்வு ஆகிய துறைகளுக்கு இதனால் நேரும் இழப்பு அந்த விவாதத்தில் பெரிதாகப் பேசப்படவில்லை.

திட்டத்தில் மொத்தம் 125 இடங்கள். பட்டியல் சாதியினருக்கு 115, சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினருக்கு 6. எஞ்சிய 4 இடங்கள் நிலமற்ற விவசாயத் தொழிலாளர்களுக்கும் மரபுவழிக் கைவினைஞர்களுக்கும் சேர்த்து. கைவினைஞர் என்று பெயர் சொல்லி இடம் ஒதுக்கும் திட்டம் இது. ஆனால், அந்தக் கைத்தொழிலின் மரபை மட்டும் ஆராயக் கூடாது என்கிறது. வெண்கலம் வார்க்கும் குடும்பத்துப் பெண் இந்தப் பணத்தில் தரவு அறிவியல் படிக்கலாம். சோழர் செப்புத் திருமேனிகளை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகும்.

அமைச்சகம் சொன்ன காரணத்தில் ஓரளவு நியாயம் உண்டு. இந்தியாவைப் பற்றிப் படிக்க நூல்களும் அறிஞர்களும் களமும் இங்கேயே இருக்கும்போது, குறைந்த இடங்களை இங்கே கிடைக்காத படிப்புகளுக்கு ஒதுக்கலாமே என்பது வாதம். கல்வெட்டுக்கோ கிராம ஆய்வுக்கோ இது பொருந்தக்கூடும். கலைப்பொருட்களுக்குப் பொருந்தாது.

எங்கே இருக்கின்றன நம் பொருட்கள்?

சோழமண்டலக் கரையின் சாயத்துணிகளை எடுத்துக்கொள்வோம். சாயவேரும் அவுரியும் படிகாரமும் மெழுகும் கொண்டு பருத்தியில் எழுதப்பட்ட இத்துணிகள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியச் சந்தையையே ஆட்டிவைத்தன. ஏற்றுமதிக்கென்றே செய்யப்பட்டதால் மிகச் சிறந்தவை கப்பலேறிப் போய்விட்டன. இன்று அவற்றை லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும், டொரண்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்திலும், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்திலும்தான் பார்க்க முடியும். அவற்றை வாங்கிய கிழக்கிந்திய கம்பெனியின் ஆவணங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. கரையில் வாழும் கலம்காரிக் கலைஞர் தன் முன்னோரின் உச்சத்தைக் காண வேண்டுமென்றால் விமானம் ஏறியாக வேண்டும். சான்றுகளெல்லாம் இங்கேயே இருக்கின்றன என்பது இத்துறையில் உண்மையல்ல.

அடுத்தது தொழில்நுட்பம். மரபைக் காக்கும் அறிவியல் முழுக்க மேற்கிலிருந்து வந்தது என்பதும் சரியல்ல. சென்னை அருங்காட்சியகத்தில் 1930இலேயே வேதிப் பாதுகாப்பு ஆய்வகம் உருவானது. அங்கு பணியாற்றிய எஸ்.பரமசிவன் செப்புத் திருமேனிகளைச் சீராக்கியதோடு, தஞ்சைப் பெரிய கோயில் உள்ளிட்ட இடங்களின் சுவரோவியங்களை வேதியியல் கண்கொண்டு ஆராய்ந்தார். பண்பாட்டுச் சொத்துகளின் பாதுகாப்புக்கென ரோமில் இயங்கும் பன்னாட்டு மையமான இக்ரோமைத் தொடங்கும் முடிவும் 1956இல் புது தில்லியில் கூடிய யுனெஸ்கோ பொது மாநாட்டில்தான் எடுக்கப்பட்டது.

அப்படியானால் நம்மவர் ஏன் வெளியே போக வேண்டும்? அஜந்தா பதில் சொல்லும். 1920-22இல் ஹைதராபாத் நிஜாம் அரசு, இத்தாலியிலிருந்து லொரென்சோ செக்கோனி என்ற வல்லுநரை அழைத்து வந்து ஓவியங்களைச் செப்பனிட வைத்தது. உதிரும் வண்ணங்களை நிறுத்த அரக்குப் பூச்சு பூசப்பட்டது. காலப்போக்கில் அந்தப் பூச்சே மஞ்சளித்துக் கறுத்தது. அதை அகற்றுவது பிற்காலத்தவரின் பெரும்பணியாயிற்று. இத்தாலியின் ஈரச் சுண்ணாம்பு ஓவியம் வேறு. மண்சாந்தின் மேல் தீட்டிய அஜந்தா ஓவியம் வேறு. வெளியூர் வல்லுநரை வரவழைத்தால் அவருடைய தீர்வு வரும். இங்குள்ள கல்லையும் காரையையும் அறிந்த ஒருவர் அங்கே போய் வந்தால், எந்தத் தீர்வு இங்கே ஆகாது என்று சொல்லும் அறிவும் சேர்ந்து வரும்.

யாருக்குக் கிடைக்கிறது?

இத்துறைக்கென்றே சில உதவித்தொகைகள் உண்டு. கல்கத்தாவில் ஷா வாலஸ் நிறுவனத்தைத் தொடங்கி 1916இல் மறைந்த சார்லஸ் வாலஸ் விட்டுச்சென்ற சொத்திலிருந்து, 1981இல் உருவான அறக்கட்டளை, கலை, மரபுப் பாதுகாப்புத் துறைகளில் உள்ள இந்தியர்களை பிரிட்டனுக்கு அனுப்பிவருகிறது. பிரிட்டனின் ஆட்டிங்காம் கோடைப் பள்ளி 1952 முதல் இயங்குகிறது. அருங்காட்சியகக் காப்பாளர்களைப் பழைய மாளிகைகளுக்கே அழைத்துச்சென்று, நாற்காலியையும் திரைச்சீலையையும் பீங்கானையும் அவை புழங்கிய இடத்திலேயே வைத்துப் பாடம் நடத்துவது அதன் முறை. செலவைத் தாங்க முடியாதவர்களுக்கு உதவித்தொகையும் தருகிறது. வேலையில் இருப்பவர் வேலையை விடாமல், சில வாரங்களில் பொருளின் முன் நின்று கற்றுத் திரும்பலாம். நம் அரசுத் திட்டமோ முதுநிலை, முனைவர் பட்டங்களைத் தவிர வேறெதையும் படிப்பாகக் கருதுவதில்லை.

தனியார் அறக்கட்டளைகளுக்கும் ஒரு குறை உண்டு. ஆங்கிலத்தில் நோக்கவுரை எழுதவும், பரிந்துரைக் கடிதம் வாங்கவும், நேர்காணலில் பேசவும் தெரிந்தவருக்கே அவற்றின் கதவு எளிதில் திறக்கிறது. பெருநகரக் கட்டடக்கலைப் பட்டதாரிக்கு அது வசப்படும். சுண்ணாம்புக் காரையின் பக்குவத்தை விரலால் அறியும் கொத்தனாருக்கு அப்படியொரு உதவித்தொகை இருப்பதே தெரியாது. இருவரும் சேர்ந்தால்தான் ஒரு கோபுரம் பிழைக்கும்.

திரும்பி வந்தால்?

தமிழ்நாட்டின் பழமையான கோயில்களில் நடந்த திருப்பணிகளை ஆராய்ந்த யுனெஸ்கோ குழு, 2017இல் தந்த அறிக்கையில் கடும் குறைகளை அடுக்கியது. தகுதிவாய்ந்த பாதுகாப்பு வல்லுநர்கள் இல்லை என்பது அவற்றுள் முக்கியமானது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் 75 கட்டளைகள் பிறப்பித்து, மரபுச் சின்னங்களைக் காக்கத் தனி ஆணையம் அமைக்கச் சொன்னது. ஆளில்லை என்பது இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும், படித்து வருபவருக்கு உரிய பதவி கோயில் நிர்வாகத்திலும் அருங்காட்சியகங்களிலும் போதிய அளவில் உருவாகவில்லை. திரும்பியவர் தனியார் காட்சிக்கூடத்தில் சேர்கிறார், அல்லது திரும்புவதேயில்லை. பணி உத்தரவாதம் இல்லாத உதவித்தொகை, பிற நாடுகளுக்கு ஆள் அனுப்பும் ஏற்பாடாகச் சுருங்கிவிடும்.

மத்திய அரசு 2022இன் தடையை நீக்க வேண்டும். கைவினைஞருக்கான இடங்களைத் தனியே பிரித்துக் கூட்ட வேண்டும். குறுகிய காலத் தொழிற்பயிற்சிகளையும் அதில் சேர்க்க வேண்டும். மாநில அரசு செய்ய வேண்டியது இன்னும் எளிது. மாமல்லபுரத்தில் 1957 முதல் சிற்பக் கலை கற்பிக்கும் அரசுக் கல்லூரி இருக்கிறது. புதிதாகச் செதுக்கவும் கட்டவும் தெரிந்தவர்கள் அங்கிருந்து வருகிறார்கள். பழையதைக் காக்கும் அறிவியல் அவர்களுக்குச் சேர வேண்டும். ஆண்டுக்குச் சிலரைத் தேர்ந்தெடுத்து, ஒரு வேதியியல் பட்டதாரியையும் ஒரு ஸ்தபதியையும் இணையாக அனுப்பலாம். மொழிபெயர்ப்பு உதவியும் தரலாம். போகும் முன்பே திரும்பிவந்து ஏற்கும் பதவியையும் எழுத்தில் கொடுக்கலாம்.

கோபுரத்துக்கு வண்ணம் பூசக் கோடிகளை ஒதுக்கத் தயங்காத அரசுகளுக்கு இது பெரிய செலவல்ல. மரபுக்குச் சொந்தக்காரர்கள் என்று மேடையில் புகழப்படும் சமூகங்களுக்கு, அதை ஆராயும் உரிமையைக் கோப்பிலும் எழுதித் தர வேண்டும் என்பதே கோரிக்கை.